தழும்பில்லாத வயிற்றில் குடல் அடைப்பு: உள் ஹெர்னியா பற்றிக் கேட்ட தேவகோட்டைத் தம்பிக்கு

தம்பி, நீங்கள் நீளமாக எழுதிக் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். உங்கள் அம்மானுக்கு 48 வயது, வயிற்றில் இதுவரை கத்தி பட்டதில்லை. ஆறேழு வருஷமாக வயிறு நிறையச் சாப்பிட்டால் தொப்புளுக்கு மேலே இடப்பக்கம் பிடித்து இழுக்கும், ஒரு மணி இரண்டு மணி நேரத்தில் தானே விட்டுவிடும். கேஸ் என்றார்கள், அல்சர் என்றார்கள், எண்டோஸ்கோப்பி ஒரு முறை, வயிற்று ஸ்கேன் இரண்டு முறை, எல்லாம் நார்மல். போன மாதம், முன்னோருக்குப் படையல் போட்ட ஒரு படைப்பு வீட்டில் சாப்பிட்டு வந்த இரவு வலி வந்து, இந்த முறை விடவே இல்லை. அன்றிரவு ஓமத் தண்ணீர், காலையில் பக்கத்துக் கிளினிக்கில் ஊசி, மாலையில் வீட்டுப் பெரியவர்கள் சொல்லி விளக்கெண்ணெய், அதற்கும் மறுநாள் பச்சை பச்சையாக வாந்தி. கடைசியில் மதுரையில் சி.டி. எடுத்த பிறகுதான் 'இடது பாராடியோடினல் ஹெர்னியா' என்று பேர் தெரிந்தது. அன்றிரவே ஆபரேஷன், 40 செ.மீ. குடலை எடுத்துவிட்டார்கள். இது என்ன வியாதி, இத்தனை வருஷம் ஏன் யாருக்கும் தெரியவில்லை, படைப்புச் சாப்பாடுதான் காரணமா, குடலை எடுக்காமல் விட்டிருக்க முடியாதா, திரும்ப வருமா, இதுதானே உங்கள் கேள்விகள்.

நான் பொது அறுவை மருத்துவன், இதே சீமைக்காரன், முப்பது வருஷத்துக்கு மேல் வயிறு திறந்தவன். இந்த வியாதியை என் கையால் பார்த்தது மொத்தமே ஒரு கை விரலுக்குள் அடங்கிவிடும், அவ்வளவு அபூர்வம். ஆனால் பார்த்த ஒவ்வொன்றும் நினைவில் இருக்கிறது.

ஹெர்னியா என்றால் நம் ஊரில் எல்லாருக்கும் தெரிந்தது குடலிறக்கம். தொடை இடுக்கிலோ தொப்புளிலோ வீக்கம் தெரியும், இருமினால் பிதுங்கும், படுத்தால் உள்ளே போய்விடும். அதில் குடல் வயிற்றுச் சுவரைத் தாண்டி வெளியே வருகிறது. உள் ஹெர்னியாவில் அது வெளியே வருவதே இல்லை. நம்ம செட்டிநாட்டு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள்: முகப்பு, வளவு, அதைச் சுற்றி இரட்டை வீடுகள், இரண்டாம் கட்டு, களஞ்சிய அறை, அதற்குள் ஓர் அறை. வீட்டில் ஒருவரைக் காணோம் என்று தெருவெல்லாம் தேடுகிறோம், ஆனால் அவர் தெருக் கதவைத் தாண்டவே இல்லை, உள்ளே ஏதோ ஓர் அறைக்குள் போய் நிலைக்கதவு சாத்திக்கொண்டு மாட்டிக்கொண்டிருக்கிறார். வெளியிலிருந்து பார்த்தால் வீடு வழக்கம்போலத்தான் இருக்கும். கை வைத்துப் பார்க்கிற டாக்டருக்கு வீக்கம் எதுவும் தட்டுப்படாததற்குக் காரணம் இதுதான்.

அந்த அறைகள் வயிற்றுக்குள் எப்படி வருகின்றன என்பதுதான் இதில் சுவையான பகுதி. சிறுகுடல் ஐந்தாறு மீட்டர் நீளம், அது மெசென்ட்ரி என்கிற ஒரு சவ்வில் தொங்குகிறது, ரத்தக் குழாய்கள் எல்லாம் அந்தச் சவ்வுக்குள்தான் ஓடுகின்றன. கண்டாங்கிச் சேலையின் கொசுவம் மாதிரி: இடுப்பில் செருகின இடம் ஒரு சாணுக்கும் குறைவு, சுமார் 15 செ.மீ., கீழே கரை மட்டும் விரிந்து விரிந்து போகும். கரு ஆறாவது வாரத்தில் இருக்கும்போது குடல் வயிற்றுக்குள் இடமில்லாமல் தொப்புள் கொடிக்குள் போய் வளர்கிறது, பத்தாவது வாரம் வாக்கில் உள்ளே திரும்பி வருகிறது, அந்தப் போக்குவரத்தில் மொத்தம் 270 பாகை சுற்றிக்கொண்டு தன் இடத்தில் அமர்கிறது. அமர்ந்த பிறகு பின்பக்கச் சவ்வுகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போக வேண்டும். சிலருக்கு அந்த ஒட்டுதல் முழுசாக நடக்காமல் ஒரு பை மாதிரி இடம் மிச்சமாகிவிடும். சிறுகுடலின் முதல் பகுதியான டியோடினம் முடிந்து அடுத்த பகுதியான ஜெஜுனம் தொடங்குகிற வளைவுக்கு இடப்பக்கம் அப்படி மிச்சமாகிற பைக்கு லாண்ட்ஸெர்ட் குழி என்று பேர், உங்கள் அம்மானுக்கு இருந்தது அதுதான், அதற்குள் குடல் புகுவதுதான் இடது பாராடியோடினல் ஹெர்னியா. வலப்பக்கம் இருப்பது வால்டேயர் குழி. பிராகாவில் இருந்த ட்ரைட்ஸ் என்கிற உடற்கூறு நிபுணர் 1857-இலேயே இந்த வகை ஹெர்னியாக்களைப் பற்றி விரிவாக எழுதிவிட்டார், அந்த வளைவைப் பிடித்திருக்கிற தசைநாருக்கும் அவர் பேர்தான்.

பிணப் பரிசோதனைக் கணக்குகளில் உள் ஹெர்னியா 0.2 முதல் 0.9 சதவீதம் வரை தென்பட்டதாகச் சொல்வார்கள், அதில் பலருக்கு உயிரோடு இருந்தவரை ஒரு தொந்தரவும் வந்திருக்காது. சிறுகுடல் அடைப்போடு வருகிறவர்களில் இது காரணமாக இருப்பது ஆறு சதவீதத்துக்குள்தான். பழைய தொகுப்புகளில் உள் ஹெர்னியாவில் பாதிக்கு மேல் பாராடியோடினல், அதிலும் முக்கால்வாசி இடப்பக்கம், ஆண்களுக்கே அதிகம். அதனால் உங்கள் அம்மானுக்கு வந்தது அபூர்வத்துக்குள் வழக்கமானது என்று சொல்லலாம், அது ஆறுதலா இல்லையா என்று தெரியவில்லை.

படைப்புச் சாப்பாடு காரணமா என்றால், இல்லை. பை பிறவியிலேயே இருந்தது. வயிறு நிறையச் சாப்பிட்டால் குடல் வேகமாக அசையும், கனக்கும், அப்போது இரண்டு வளையம் பைக்குள் நழுவும், கொஞ்ச நேரத்தில் தானே வெளியே வந்துவிடும். ஆறேழு வருஷமாக அவருக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்கும். அன்றைக்கு நிறைய வளையங்கள் உள்ளே போய், பையின் வாய் இறுகிவிட்டது. சமைத்தவர்கள் மேல் பழியைப் போடாதீர்கள்.

இனி ஏன் தெரியவில்லை என்பதற்கு வருகிறேன், இங்கேதான் உங்கள் கோபமும் இருக்கிறது. எண்டோஸ்கோப்பி இரைப்பையையும் டியோடினத்தின் ஆரம்பத்தையும்தான் பார்க்கும், பிரச்சினை அதற்கு அப்பால். அல்ட்ராசவுண்டுக்குக் காற்று என்றாலே ஆகாது, குடல் முழுக்கக் காற்று. அதைவிட முக்கியம், இரண்டு ஸ்கேனையும் வலி விட்ட பிறகு, காலையில் வெறும் வயிற்றில், நிதானமாகப் போய் எடுத்திருப்பார். அப்போது குடல் தன் இடத்துக்குத் திரும்பியிருக்கும், பை காலியாக மடிந்து கிடக்கும், சி.டி. எடுத்திருந்தாலும்கூடப் பல சமயம் ஒன்றும் தெரியாது. திருடன் போன பிறகு வீட்டைச் சோதித்த கதை. சாப்பிட்டால் வருகிற, வந்துவந்து போகிற, எடை குறைய வைக்கிற, எந்தப் பரிசோதனையிலும் பிடிபடாத வயிற்று வலி ஒருவருக்கு இருந்தால் நான் இப்போது சொல்வது இதுதான்: அடுத்த முறை வலி வரும்போது, வலி இருக்கிற நேரத்திலேயே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள், நடு ராத்திரி என்றாலும் சரி, அப்போது, கான்ட்ராஸ்ட் என்கிற சாய மருந்தை நரம்பு வழியாகப் போட்டு எடுக்கிற சி.டி.யில்தான் பதில் இருக்கும்.

கிளினிக்கில் வலி ஊசி போட்டதைத் தப்பென்று சொல்லமாட்டேன், வலிக்கு மருந்து கொடுப்பதால் வியாதி மறைந்து போய்விடாது. போட்டுவிட்டு, 'காற்று பிரிந்ததா, வெளிக்குப் போனதா' என்று ஒரு கேள்வி கேட்காமல் வீட்டுக்கு அனுப்பியதுதான் தப்பு. விளக்கெண்ணெய் விஷயத்தில் வீட்டாரும் கொஞ்சம் ஏற்றுக்கொள்ள வேண்டும். அடைபட்ட குடலுக்குப் பேதி மருந்து கொடுப்பது பூட்டிய கதவின் மேல் ஆளை மோதவிடுவது மாதிரி, கதவு திறக்காது, ஆள்தான் அடிபடுவான். 'குடல் ஏறிப்போச்சு' என்று எண்ணெய் போட்டு வயிற்றைத் தட்டி விடுகிற வழக்கமும் இங்கே இன்னும் இருக்கிறது. சாதாரணப் பிடிப்புக்கு அது இதமாக இருக்கலாம், ஆனால் வாந்தியும் வயிற்று உப்பலும் சேர்ந்திருக்கும்போது வயிற்றில் கை வைக்கவே விடாதீர்கள்.

குடல் அடைப்பு என்றால் நான்கு விஷயம் பார்ப்போம்: விட்டுவிட்டுச் சுருட்டிப் பிடிக்கிற வலி, வாந்தி, வயிறு உப்புவது, மலமும் காற்றும் போகாமல் நிற்பது. அடைப்பு மேலே இருந்தால் வாந்தி சீக்கிரம் வரும், வயிறு அவ்வளவாக உப்பாது. உங்கள் அம்மானுக்கு வயிறு தட்டையாக இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள், அது ஏமாற்றுகிற அடையாளம். இன்னொரு ஏமாற்று, அடைப்புக்குக் கீழே ஏற்கெனவே இருக்கிற மலம் ஒருமுறை இரண்டுமுறை போகும், 'வெளிக்குப் போய்விட்டாரே' என்று வீட்டில் நிம்மதியாக இருப்பார்கள். விட்டுவிட்டு வந்த வலி விடாத வலியாக மாறுவது, நாடி 100-ஐத் தாண்டுவது, காய்ச்சல், தொட்டால் வயிறு பலகை மாதிரி இறுகுவது, இவையெல்லாம் குடலுக்கு ரத்தம் நின்றுபோய்க்கொண்டிருக்கிறது என்பதற்கான சைகைகள். ஆனால் இவை வரும்வரை காத்திருந்தால் பெரும்பாலும் நேரம் கடந்திருக்கும். ரத்த ஓட்டம் முழுக்க நின்றால் குடல் தாங்குவது சுமார் ஆறு மணி நேரம். லாக்டேட் என்று ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது, அது கூடியிருந்தால் கவலைப்பட வேண்டும், நார்மலாக இருந்தால் நிம்மதிப்பட முடியாது. இந்த இரண்டாவது பாதியை இளம் டாக்டர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

குடல் அடைப்பு வந்த ஒருவரிடம் அறுவை மருத்துவன் முதலில் தேடுவது தழும்பு, இரண்டாவது தொடை இடுக்கு. பழைய ஆபரேஷன் தழும்பு இருந்தால் உள்ளே குடலை ஒன்றோடொன்று ஒட்டவைக்கிற ஒட்டுத் தசைகள் விழுந்திருக்கும், சிறுகுடல் அடைப்பில் பாதிக்கு மேல் அதனால்தான். அப்படிப்பட்டவர்களுக்கு மூக்கு வழியாக இரைப்பைக்கு ரைல்ஸ் டியூப் என்கிற குழாய் போட்டு, ட்ரிப்ஸ் ஏற்றி, இரண்டு மூன்று நாள்கூடப் பார்க்கலாம், பலருக்குத் தானே விட்டுவிடும். காஸ்ட்ரோகிராபின் என்கிற கான்ட்ராஸ்ட் மருந்தைக் குழாய் வழியாகக் கொடுத்து, 24 மணி நேரத்தில் அது பெருங்குடலுக்கு வந்துவிட்டதா என்று எக்ஸ்ரேயில் பார்ப்போம், வந்துவிட்டால் ஆபரேஷன் தேவைப்படாது என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம். தொடை இடுக்கில் வீக்கம் இருந்தால் அதுவே விடை. தழும்பும் இல்லை, வீக்கமும் இல்லை என்றால்? நம் நாட்டில் அடுத்துக் குடல் காசநோய் நினைவுக்கு வர வேண்டும், சிறுகுடலும் பெருங்குடலும் சேருமிடத்தில் சுருக்கம் விழும். வயதானவர் என்றால் கட்டி. அதற்கெல்லாம் பிறகு, பட்டியலின் கடைசியில், உள் ஹெர்னியா.

நாங்கள் படித்த காலத்தில் 'தழும்பில்லாத வயிற்றில் அடைப்பு என்றால் திற' என்பார்கள். இப்போது அந்த விதி தளர்ந்துவிட்டது, ஆபரேஷன் ஆகாத வயிற்றிலும் ஒட்டுத் தசைகள் இருப்பது தெரிந்துவிட்டது, நல்ல சி.டி. எடுத்து ஆபத்தான அடையாளம் எதுவும் இல்லை என்று உறுதியானால் காத்திருப்பதில் தவறில்லை என்கிறார்கள். ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அதில் 'நல்ல சி.டி. எடுத்து' என்பதை விட்டுவிட்டு 'காத்திருப்பதில் தவறில்லை' என்பதை மட்டும் எடுத்துக்கொள்கிற வழக்கம் இருக்கிறதே, அதுதான் எனக்குப் பயம்.

காரணம் சொல்கிறேன். நான் சர்வீஸில் சேர்ந்த புதிதில், சி.டி. எல்லாம் பெரிய ஊர்களில் மட்டும் இருந்த காலம், ஒரு பெண் வந்தார். இரண்டு பிரசவமும் வீட்டிலேயே ஆனவர், ஆபரேஷன் எதுவும் இல்லை. அடைப்பு என்று எக்ஸ்ரேயில் தெரிந்தது. வயிறு மெத்தென்று இருந்தது, நாடியும் பரவாயில்லை, குழாய் போட்டதும் வலி குறைந்தது என்றார். நானும் பார்க்கலாம் பார்க்கலாம் என்று இரண்டு நாள் தள்ளினேன். மூன்றாம் நாள் திறந்தபோது கருப்பையை இருபுறமும் தாங்குகிற சவ்வில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஓர் ஓட்டை, அதற்குள் புகுந்த குடல் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. எடுத்துவிட்டு, இரண்டு முனையையும் வயிற்றுக்கு வெளியே வைத்து, பிறகு இரண்டு மாதம் கழித்துத்தான் சேர்க்க முடிந்தது. பிழைத்துக்கொண்டார். முதல் நாளே திறந்திருந்தால் குடலை வெளியே இழுத்துவிட்டு ஓட்டைக்கு நான்கு தையல் போட்டு ஒரு வாரத்தில் வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். அவருடைய கணவர் எனக்கு நன்றி சொன்னபோது என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை.

அந்தப் பெண்ணுக்கு இருந்தது இன்னொரு வகை, பெண்களுக்கு மட்டுமே வருவது. வகைகள் இன்னும் இருக்கின்றன. சீக்கம் என்கிற பெருங்குடல் தொடக்கத்துக்குப் பின்னால் புகுவது, வலது அடிவயிற்றில் வலிப்பதால் அப்பென்டிக்ஸ் என்று நினைத்துத்தான் பெரும்பாலும் திறப்பார்கள். கல்லீரலுக்குக் கீழே வின்ஸ்லோ துவாரம் என்று எல்லாருக்குமே இயல்பாக இருக்கிற ஒரு வாசல் வழியாக இரைப்பைக்குப் பின்னால் போவது, இவர்கள் முன்னால் குனிந்து உட்கார்ந்தால் வலி குறைகிறது என்பார்கள். பெருங்குடலின் கடைசி வளைவான சிக்மாய்டின் மடிப்பில் புகுவது, கொழுப்புத் திரையில் ஓட்டை விழுந்து புகுவது, இவற்றுக்கெல்லாம் பேர்தான் வேறு, கதை ஒன்றுதான்.

தனியாகச் சொல்ல வேண்டியது மெசென்ட்ரியிலேயே ஓட்டை இருந்து அதன் வழியாகப் போவது. குழந்தைகளுக்குப் பிறவியில் இருக்கும், பெரியவர்களுக்குப் பெரும்பாலும் முன்பு செய்த ஆபரேஷனால் வரும். பாராடியோடினல் வகையில் பை இருப்பதால் குடல் ஒரு மூட்டைக்குள் அடங்கும், இதில் பையே கிடையாது, எவ்வளவு குடல் வேண்டுமானாலும் போய் முறுக்கிக்கொள்ளும், சீக்கிரம் அழுகும், சி.டி.யிலும் பிடிப்பது கடினம். இது இப்போது அதிகமாகிவருகிறது, காரணம் உடல் எடையைக் குறைக்கச் செய்கிற பைபாஸ் ஆபரேஷன். குடலை வெட்டி இரைப்பைக்கு மாற்றி இணைக்கும்போது சவ்வுகளுக்கு நடுவே இடைவெளிகள் உண்டாகும். அதில் ஒன்றுக்குப் பீட்டர்சன் இடைவெளி என்று பேர், 1900-இல் அவர் எழுதியது. ஆபரேஷன் அன்று சின்னதாக இருக்கிற இடைவெளி, 30, 40 கிலோ குறைந்த பிறகு சவ்விலிருந்த கொழுப்பும் கரைந்து பெரிதாகிவிடும், அதனால்தான் ஒன்றிரண்டு வருஷம் கழித்து நன்றாக இருந்தவருக்குத் திடீரென்று வலி வருகிறது. ஸ்வீடனில் 2,507 பேரிடம் நடத்தி 2016-இல் வெளியான ஆய்வில், அந்த இடைவெளிகளைத் தைத்து மூடியவர்களுக்கு மூன்று வருஷத்துக்குள் குடல் அடைப்புக்காக மறு ஆபரேஷன் தேவைப்பட்டது 5.5 சதவீதம், மூடாதவர்களுக்கு 10.2 சதவீதம். சிங்கப்பூரிலோ சென்னையிலோ இந்த ஆபரேஷன் செய்துகொண்டு ஊருக்கு வருகிறவர்கள் நம் பக்கத்திலும் இருக்கிறார்கள், வயிற்றில் நான்கைந்து சின்னத் துளைத் தழும்பு மட்டும் இருக்கும், கேட்டால் ஒழிய வெட்கப்பட்டுச் சொல்லமாட்டார்கள். சொல்லுங்கள். அதிலும் கர்ப்பமாக இருப்பவர் என்றால் கட்டாயம் சொல்லுங்கள், வளர்கிற கருப்பை குடலை மேலே தள்ளும், வலியைப் பிரசவ வலி என்றோ நெஞ்சுக்கரிப்பு என்றோ நினைத்துக் கோட்டை விடுவார்கள்.

சி.டி.யில் என்ன பார்க்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் அம்மான் படத்தை நான் பார்க்கவில்லை, ஆனால் இடது பாராடியோடினல் என்றால் வழக்கமாக இரைப்பைக்கும் கணையத்துக்கும் அருகே, வளைவுக்கு இடப்பக்கம், விரிந்த குடல் வளையங்கள் துணி மூட்டை கட்டினது போல ஒரே இடத்தில் குவிந்திருக்கும். சாதாரணமாகச் சிறுகுடல் அப்படிக் குவியாது. சிறுகுடல் 2.5 செ.மீ.க்கு மேல் விரிந்தால் அடைப்பு என்று எடுத்துக்கொள்வோம். மூட்டையின் வாயில் ரத்தக் குழாய்கள் நெருக்கியடித்துப் புடைத்து நிற்கும், பையின் முன் ஓரத்தில் ஓடுகிற கீழ் மெசென்ட்ரிக் சிரை தன் இடம் விட்டு முன்னால் தள்ளப்பட்டிருக்கும். குழாய்கள் சுழித்திருந்தால் முறுக்கு. குடல் சுவரில் கான்ட்ராஸ்ட் ஏறாமல் மங்கலாக இருந்தால் ரத்தம் போகவில்லை என்று அர்த்தம், உடனே ஓட வேண்டும். நரம்பு வழியாகக் கான்ட்ராஸ்ட் போடாத வெறும் சி.டி.யில் இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் கிடைக்காது. சிறுநீரகத்துக்கான 'கிரியாட்டினின் ரிப்போர்ட் வரட்டும்' என்று அரை நாள் காத்திருப்பது, ஏற்கெனவே வாந்தி எடுப்பவரை ஒன்றரை லிட்டர் மருந்துத் தண்ணீர் குடிக்கச் சொல்வது, இரண்டும் இந்த நேரத்தில் வேண்டாத வேலை, அடைபட்ட குடலுக்குள் தேங்கின நீரே படத்துக்குப் போதும். அப்புறம், ஸ்கேன் சீட்டில் 'வயிற்று வலி' என்று மட்டும் எழுதி அனுப்பாமல், 'ஆபரேஷன் ஆகாதவர், சாப்பிட்டால் வருகிற பழைய வலி, இப்போது அடைப்பு, உள் ஹெர்னியா இருக்குமா பாருங்கள்' என்று நான்கு வார்த்தை எழுதினால் ரேடியாலஜிஸ்ட் பார்க்கிற பார்வையே மாறும். அப்படியும் சி.டி. தெளிவாகச் சொல்லாமல் போகலாம். வலி விடவில்லை, வாந்தி நிற்கவில்லை என்றால் படத்தை நம்பி உட்காராமல் சின்னத் துளை வழியாக லாப்ராஸ்கோப் என்கிற கேமராக் குழாய் வைத்துப் பார்த்துவிட வேண்டும். திறந்து பார்த்து ஒன்றும் இல்லை என்றால் ஒரு தழும்போடு போகும்.

சிகிச்சையில் முதல் ஒரு மணி நேரம் நம்ம காரைக்குடி, தேவகோட்டை ஆஸ்பத்திரிகளிலேயே செய்யக்கூடியதுதான், அது ஒழுங்காக நடந்தால் மதுரைக்கோ திருச்சிக்கோ போகிற வழியில் உயிருக்கு ஆபத்து குறையும். மேல் குடலில் ஒரு நாளைக்கு ஏழெட்டு லிட்டர் நீர் சுரந்து கீழே போய் உறிஞ்சப்படுகிறது, அடைப்பில் அது தேங்கி வாந்தியாகப் போவதால் உடம்பு வற்றிப்போகும், உப்புச் சத்தும் பொட்டாசியமும் இறங்கும். ரிங்கர் லாக்டேட் ட்ரிப்ஸ், மூக்கு வழியாக ரைல்ஸ் டியூப், சிறுநீர் அளக்கக் குழாய், ஆன்டிபயாடிக். ரைல்ஸ் டியூப் என்றால் நோயாளிகள் அழுவார்கள், பிடுங்கிப் போடுவார்கள், ஆனால் அது இல்லாமல் மயக்க மருந்து கொடுத்தால் வாந்தி நுரையீரலுக்குள் போய்விடும், ஆபரேஷன் நன்றாக நடந்தும் அதில் உயிர் போனவர்கள் உண்டு.

உள்ளே போனதும் என்ன செய்திருப்பார்கள் என்பதைச் சொல்கிறேன். விரிந்த குடலைப் பிடித்து மேலிருந்து தேடினால் குழம்பிவிடும், கிழியவும் கிழியும், அதனால் கீழே, சிறுகுடல் பெருங்குடலில் சேருகிற இடத்தில், சுருங்கிக் கிடக்கிற முனையிலிருந்து பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போவோம், போகப்போக எந்த வாயில் போய் நுழைகிறதோ அதுதான் ஓட்டை. அப்புறம் இழுக்கக் கூடாது என்பதுதான் சிரமம். வீங்கின குடல் சின்ன வாய்க்குள் மாட்டியிருக்கிறது, குடத்துக்குள் கைவிட்டு முஷ்டி பிடித்த பிள்ளையின் கை மாதிரி. உள்ளிருக்கிற நீரை மெதுவாக நகர்த்தி, கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும். வரவில்லை என்றால் வாயைப் பெரிதாக்க வேண்டும், ஆனால் இடப்பக்கப் பையின் முன் ஓரத்தில் அந்தச் சிரையும் பெருங்குடலுக்குப் போகிற தமனியும் இருக்கின்றன, குருட்டுத்தனமாக வெட்டினால் ரத்தம் கொட்டும். வலப்பக்கம் இன்னும் மோசம், அங்கே ஓரத்தில் நிற்பது சிறுகுடல் முழுக்க ரத்தம் கொடுக்கிற பெரிய தமனியே. அதனால் அங்கே வாயைத் தொடாமல், வலது பெருங்குடலை அதன் வெளி ஓரத்தில் விடுவித்து இடப்பக்கம் தள்ளிவிடுவோம், பை தானாகத் திறந்துகொள்ளும்.

குடல் வெளியே வந்ததும் வெதுவெதுப்பான சலைன் துணியால் போர்த்திவிட்டுப் பத்துப் பதினைந்து நிமிஷம் சும்மா நிற்போம். தியேட்டரில் அந்தப் பத்து நிமிஷம் நீளமானது. கறுத்த குடல் சிவக்கிறதா, பளபளப்பு வருகிறதா, தொட்டால் புழு மாதிரி நெளிகிறதா, சவ்வில் நாடி துடிக்கிறதா என்று பார்ப்போம். சில இடங்களில் பச்சை நிறச் சாயம் ஊசியாகப் போட்டுச் சிறப்புக் கேமராவில் ரத்த ஓட்டத்தைப் பார்க்கிறார்கள். வந்துவிட்டால் அப்படியே விட்டுவிடலாம். உங்கள் அம்மானுக்கு 40 செ.மீ. வரவில்லை, எடுத்துவிட்டார்கள். எடுக்காமல் விட்டிருந்தால் இரண்டு மூன்று நாளில் ஓட்டை விழுந்து வயிறெல்லாம் சீழாகியிருக்கும். சந்தேகமான குடல் நீளமாக இருந்தால் எல்லாவற்றையும் வெட்டித் தள்ளாமல், மூடிவிட்டு 24 முதல் 48 மணி நேரத்துக்குள் திரும்பத் திறந்து பார்க்கிற முறையும் இருக்கிறது. கடைசியாகப் பையின் வாயை, சிரை தையலில் மாட்டாமல், கரையாத நூலால் மூடியிருப்பார்கள். முழுக்க லாப்ராஸ்கோப்பியிலேயே இதைச் செய்யலாம், ஆனால் குடல் உப்பி இடமில்லாதபோது நீளமாகக் கீறித் திறந்ததற்காக டாக்டரைக் குறை சொல்லாதீர்கள், நானாக இருந்தாலும் திறந்திருப்பேன்.

40 செ.மீ. போனதால் அவருக்கு ஒன்றும் குறையாது, மிச்சம் 2 மீட்டருக்குக் கீழே போனால்தான் சத்து உறிஞ்சுவதில் உண்மையான சிக்கல். எடுத்தது சிறுகுடலின் கடைசிப் பகுதியாக இருந்தால் மட்டும் பி12 அளவைப் பார்க்க வேண்டும், அவருக்கு எடுத்தது பெரும்பாலும் மேல் பகுதியாகத்தான் இருக்கும், டிஸ்சார்ஜ் சீட்டில் இருக்கும், பாருங்கள். பையின் வாயை மூடிவிட்டால் அதே இடத்தில் திரும்ப வருவது அபூர்வம். பரம்பரையாக வருவதில்லை, பிள்ளைகளுக்கு ஸ்கேன் எடுக்க ஓட வேண்டாம். ஆனால் இனிமேல் அவர் வயிற்றில் தழும்பு இருக்கிறது, ஒட்டுத் தசையால் அடைப்பு வருகிற வாய்ப்பு மற்ற ஆபரேஷன்காரர்களைப் போல இவருக்கும் உண்டு. ஆபரேஷன் குறிப்பையும் டிஸ்சார்ஜ் சீட்டையும் போட்டோ எடுத்து அவர் போனிலும் உங்கள் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள், ராத்திரி இரண்டு மணிக்கு ஏதாவது ஆஸ்பத்திரியில் போய் நிற்கும்போது 'ஏதோ குடல்ல ஆபரேஷன்' என்று சொல்வதைவிட அந்த ஒரு பக்கம் அரை நாளை மிச்சப்படுத்தும்.

சாப்பாட்டைப் பற்றி அம்மான் கேட்கச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். முதல் ஆறு வாரம் இட்லி, இடியாப்பம், குழைந்த சோறு, ரசம், மீன் என்று கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை. முருங்கைக்காய்ச் சக்கை, கீரைத்தண்டு, பனங்கிழங்கு, பலாப்பழம், இந்த நார்ச் சமாச்சாரங்களைத் தையல் இடம் விரியும்வரை தள்ளி வைக்கட்டும், நார் உருண்டையாகச் சேர்ந்து தைத்த இடத்தில் போய் அடைக்கும், அதையும் ஒருமுறை நான் எடுத்திருக்கிறேன். எடை தூக்குவதும் ஆறு வாரத்துக்கு வேண்டாம். அப்புறம் படைப்பு வீட்டுக்குப் போகலாம், கந்தரப்பமும் சாப்பிடலாம், மென்று சாப்பிடச் சொல்லுங்கள்.